பெம்பாங்காங் அக்கா

அக்கா பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா எங்க கம்பத்துல, அதான் கிராமத்துல, இன்னும் நாலு பேரு என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அது போய்த் தொலையட்டும், அக்காவே எங்கயாவது கேள்விப்பட்டு "என் பேர எதுக்குடா சந்திக்கு இழுத்த"ன்னு கேப்பாங்க. எங்களுக்கு அவங்க பெம்பாங்காங் அக்கா. மலாய்ல பெம்பாங்காங்னா எதிர்க்கட்சிக்காரன். இதுல கூத்து என்னன்னா, அக்காவுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. கட்சின்னு வாயெடுத்தாலே எழுந்து போயிடுற ஆளு.

கிள்ளானுக்குப் போற பெரிய ரோட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கம்பம் எங்களது. அறுபது வீடு இருக்கும், பாதி பலகை, பாதி கல்லு. பல இடத்துல கம்பத்துத் தலைவர மேல இருந்து போடுவாங்க. ஆட்சி மாறினா தலைவரும் மாறுவாரு. அந்தச் சங்கடமே வேணாம்னு எங்க ஆளுங்க ஒரு முடிவு பண்ணாங்க. நமக்குள்ள நாமளே ஒரு கமிட்டி வச்சுக்குவோம், வீட்டுக்கு ஒரு கை, கட்சி வாசலுக்கு வெளியிலயே நிக்கட்டும். ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி சனிக்கிழமை சாயங்காலம், பூப்பந்து கோர்ட்டு பக்கத்துல இருந்த தகரக் கொட்டாய்ல கூட்டம் நடக்கும்.

கட்சி வெளியில நிக்கணும்னு எல்லாரும் சும்மா பேச்சுக்குச் சொன்னோம். அக்கா மட்டும் அத அப்படியே எடுத்துக்கிட்டாங்க. தேர்தல் வந்தா கட்சிக்காரங்க டி-சட்டை குடுப்பாங்க இல்ல, ஓசி சட்டைய யாரு வேணாம்பா? அதையே வீட்லயும் போடுவோம், மீன் பிடிக்கப் போகும்போதும் போடுவோம், கூட்டத்துக்கும் போட்டுக்கிட்டு வருவோம். அக்கா கொட்டாய் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. "திருப்பிப் போட்டுக்கிட்டு உள்ள வா" அவ்ளோதான். தொப்பையோட நாலு ஆம்பளைங்க வாசல்ல சட்டையக் கழட்டி உள்பக்கத்த வெளிப்பக்கமாத் திருப்பி மாட்டிக்கிட்டு நிக்கிற காட்சி எங்க கம்பத்துல மட்டும்தான் பார்க்கலாம். ஒருவாட்டி எங்க கமிட்டித் தலைவரே மாட்டிக்கிட்டாரு. கழுத்துக்குப் பின்னால துவைக்கிற லேபிள் தொங்கத் தொங்க அவரு ஒரு மணி நேரம் லோங்காங், அதான் சாக்கடைக் கால்வாய், அடைச்சுக்கிட்டது பத்திப் பேசினாரு. யாருக்கும் சிரிப்ப அடக்க முடியல.

தலைவரு நல்ல மனுஷன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடயர் ஆனவரு. குரல் மட்டும் பெருசு. நான் செக்ரட்டரி. போர்ட்ல சரக்கு அனுப்புற ஒரு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன், மலாய்ல கடிதம் எழுதுறது கை வந்த வேலை. கூட்டத்துல நடந்தத மினிட்டா மலாய்ல எழுதி ஒரு காப்பி மாவட்ட ஆபீசுக்கு அனுப்பணும். நாலு எழுத்து சுத்தமா எழுதுற பாவத்துக்கு என் தலையில கட்டிட்டாங்க.

இப்ப அக்கா கைய பத்திச் சொல்லணும்.

மத்த இடத்துக் கூட்டத்துல தலைவரு "செத்துஜூ?"ன்னு கேப்பாரு, சம்மதமான்னு. எல்லாரும் கோரசா "செத்துஜூ!"ன்னு கத்துவாங்க. அதோட தீர்மானம் பாஸ், அப்புறம் கோப்பி, கரிபாப். எங்க இடத்துல அது நடக்காது. கைய எண்ணணும். அதுவும் அக்கா கொண்டு வந்த சட்டம்தான். நான் எந்திரிச்சு விரல நீட்டி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். எண்ணி முடிச்சப்புறம் "எதிர்ப்பு?"ன்னு கேக்கணும். கேட்டா, வாசல் நாற்காலியில இருந்து ஒரு கை உயரும். முழங்கை காதுல ஒட்டுற மாதிரி நேரா, பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போகக் கேக்குற பிள்ளை மாதிரி. எந்தத் தீர்மானமா இருந்தாலும் சரி, அந்தக் கை உயராம இருந்ததில்ல.

சொந்தத் தீர்மானத்துக்கே தூக்கினாங்கன்னா பார்த்துக்கங்க. பூப்பந்து கோர்ட்டுக்கு ஒரு பெரிய லைட்டு வேணும்னு அவங்களேதான் கொண்டு வந்தாங்க. எல்லாரும் தூக்கிட்டோம். "எதிர்ப்பு?"ன்னேன். அக்கா கை!

தலைவருக்குக் கோவம் ஏறிடுச்சு. "அக்கா, உங்களுக்குப் பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருக்கா? நீங்க கேட்ட லைட்டு லா இது!"

"நான்தான் கேட்டேன். இப்ப நீங்க எல்லாரும் சரின்னுட்டீங்க. யாராச்சும் ஒரு ஆளு இது ஏன் வேணாம்னு சொல்லிட்டா நான் கைய இறக்கிடுறேன்."

அஞ்சு நிமிஷம் ஆளாளுக்குத் தொடையத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். கொசு கடிக்குது. கடைசியில மூலையில இருந்த, செக்யூரிட்டி கார்டு வேலை பார்க்கிற ஒரு அண்ணன், வாயே திறக்காத மனுஷன், மெதுவா சொன்னாரு. கோர்ட்டு ஓரத்துலதான் அவரு படுக்கிற ரூம் ஜன்னலாம். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாள்லதான் கொஞ்சம் கண்ண மூடுறாராம். லைட்டு நேரா மூஞ்சில அடிக்குமாம். "அப்ப ஏன்யா கை தூக்கின?"ன்னு தலைவரு கேட்டதுக்கு, "எல்லாரும் தூக்கினாங்க"ன்னாரு. லைட்டுக் கம்பத்த அந்தப் பக்கம் தள்ளி நட்டோம். அக்கா கைய இறக்கிட்டாங்க.

எதுக்கு இந்தப் பிடிவாதம்னு ஒருநாள் கேட்டேன். அக்கா ஷா ஆலம் பக்கம் ஒரு பேக்டரியில இருபது வருஷம் செக்கிங்ல இருந்தவங்க. பெல்ட்டுல வர்ற பீசப் பார்த்து, சொத்தைய எடுத்து டப்பாவுல போடுற வேலை.

"தம்பி, ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு சொத்தை கூட வரலன்னா எங்க சூப்பர்வைசருக்கு சந்தோஷம் வராது, பயம் வரும். எல்லாம் நல்ல பீசுன்னா மிஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. செக் பண்றவ தூங்கிட்டான்னு அர்த்தம்."

கேக்க நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி கூடவே உக்காந்து பார்த்தா தெரியும். கோத்தோங் ரோயோங், அதான் எல்லாரும் சேர்ந்து கம்பத்தக் கூட்டிப் பெருக்குற நாளு, அன்னிக்குப் பசியாறைக்கு நாசி லெமாக்கா மீயான்னு ஒரு பேச்சு வந்துச்சு. நாசி லெமாக்னு எல்லாரும் தூக்கினோம். அக்கா எதிர்ப்பு. ஏன்னு கேட்டா, அவங்களுக்கு நாசி லெமாக் பிடிக்குமாம், ஆனா வேணாம்னு நினைக்கிற ஒருத்தரு கண்டிப்பா இருப்பாராம். அந்த ஒருத்தரத் தேடிக் கண்டுபிடிக்க முக்கா மணி நேரம் ஆச்சு. கண்டுபிடிச்சாச்சு, ஒரு ஆன்டிக்கு அதுல வர்ற நெத்திலி ஆகாது. என் பொண்டாட்டி வீட்டுக்கு வந்து, "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லையா"ன்னு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சா. அப்பதான் யாரோ பெம்பாங்காங்னு பேரு வச்சாங்க. கட்சியே வேணாம்னு கூடின எங்களுக்கு, வேணாம்னு ஒருத்தரு சொன்னதும் கட்சிப் பேருதான் வாய்ல வந்துச்சு. அக்காவுக்குத் தெரியும். சிரிச்சுக்குவாங்க. எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு முழுசாப் பட்டதில்ல.

ஒரு விஷயத்துல மட்டும் அக்கா மேல எனக்குக் கோவம் உண்டு. ஒரு கூட்டத்துல லோங்காங் மூடி போடுறதப் பத்திப் பேச்சு. ஒரு ஆளு எந்திரிச்சு, தன் பேரப்பிள்ளை அதுல விழுந்து தாடையில தையல் போட்டதச் சொல்லிக் கண்ணு கலங்கினாரு. கொட்டாயே 'ச்சோ' கொட்டுச்சு. எல்லாரும் அவரு வீட்டுப் பக்கமே மூடி போடலாம்னு கை தூக்கப் போறாங்க. அக்கா குறுக்க விழுந்தாங்க.

"அண்ணே, பிள்ளை கதைய வீட்ல சொல்லுங்க. இங்க கம்பத்துக் கதைய சொல்லுங்க. யாரு நல்லா அழுவுறாங்களோ அவங்க வீட்டுக்கு மூடின்னா, அழத் தெரியாதவங்க வீட்டுப் பிள்ளைங்க விழுந்துக்கிட்டே இருக்கணுமா?"

அந்த மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. ஆனா அக்கா சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியல. கை எண்ணி அதையும் ஒரு விதியாவே எழுதினோம். சொந்த வீட்டுக் கதையச் சொல்லி யாரும் கூட்டத்துல ஓட்டுக் கேக்கக் கூடாது. அந்த விதிக்கும் அக்கா எதிர்ப்புக் கை தூக்கினாங்க, சொல்லணுமா! நானும் "ஒருத்தர் எதிர்ப்பு"ன்னு எழுதினேன். ஒவ்வொரு மினிட்லயும் அப்படித்தான் எழுதிக்கிட்டு வந்தேன், ஒருத்தர் எதிர்ப்பு, ஒருத்தர் எதிர்ப்புன்னு. அதுல ஒரு குறையும் வச்சதில்ல. அந்த ஒரு தடவை வரைக்கும்.

அந்தத் தடவைய சொல்றதுக்கு முன்னாடி எங்க கம்பத்து வழியச் சொல்லணும். முன் வழியில காரு, வேன் மாதிரி காடி பாதி கம்பம் வரைக்கும்தான் வரும். அதுக்கப்புறம் லோங்காங் ஓரமா சிமெண்டு நடைபாதை, மோட்டார் சைக்கிள் போகும், காடி போகாது. கடைசி வரிசை அஞ்சு வீட்டுக்குக் காடி வரணும்னா பின்னால ஒரு மண் ரோடு உண்டு, அதுலதான் வரணும். அந்த அஞ்சுல என் வீடு ஒண்ணு, அக்கா வீடு ஒண்ணு. மத்த மூணும் வாடகைக்காரங்க, கூட்டத்துக்கு வர மாட்டாங்க.

அக்கா வீட்டுக்காரர நான் மாமான்னு கூப்பிடுவேன். பெரிய ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணியா இருந்தவரு. சர்க்கரை ஒரு கால எடுத்துக்கிச்சு, அப்புறம் கிட்னியையும் எடுத்துக்கிச்சு. செவ்வாய், வியாழன், சனி, காலையில அஞ்சே முக்காலுக்கு டயாலிசிஸ் சென்டர் வேன் பின் வழியா வந்து அவங்க வாசல்லயே நிக்கும். டிரைவரும் அக்காவும் சேர்ந்து வீல் சேரோட ஏத்துவாங்க. நான் வேலைக்குக் கிளம்புற நேரம் அது. பல நாள் ஒரு கை பிடிச்சிருக்கேன். முன்பக்கத்து ஆளுங்களுக்கு மாமாவுக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும், வேன் எந்த வழியா வருதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். இத நான் மறைக்க மாட்டேன், எனக்கு நல்லாவே தெரியும்.

பக்கத்து நிலத்துல பெரிய மாடி வீடு கட்ட ஒரு கம்பெனி வந்துச்சு. பின் வழிய மூடி செவரு எழுப்பிக்க கம்பத்து ஆளுங்க சம்மதிச்சா, தகரக் கொட்டாய இடிச்சுட்டு பேன், டாய்லெட், மேடையோட ஒரு ஹால் கட்டித் தரோம்னாங்க. இதப் பத்தி கமிட்டி கூடி முடிவு பண்ணி மினிட்ட அனுப்பணும். மழை பேஞ்சா ஒழுகுற கொட்டாய்ல வருஷக்கணக்கா உக்காந்தவங்களுக்கு ஹால்னா எப்படி இருக்கும்! கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாத்துக்கும் ஆச்சு. எனக்கு ஹால் கூட வேணாம். செவருதான் வேணும். அந்த மண் ரோட்டுல குறுக்கு வழின்னு மணல் லோரிங்க போகும். தூசி நேரா என் வீட்டுக்குள்ள வரும். என் சின்ன மகளுக்கு அப்ப ஆறு வயசு, இளைப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்பு உள்ள போய்ப் போய் வரும். அதப் பார்த்த எந்தத் தகப்பனும் அந்த வழிய மூடத்தான் கை தூக்குவான். நானும் தூக்கினேன்.

எண்ணினேன். முப்பத்தெட்டு. "எதிர்ப்பு?"ன்னேன். அக்கா கை.

கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. "பியாசா லா!"ன்னு யாரோ கத்தினாங்க, வழக்கம்தானேன்னு. அக்கா சிரிக்கல. எந்திரிச்சு நின்னாங்க. அவங்க எந்திரிச்சுப் பேசி நான் பார்த்ததே இல்ல.

"கடைசி வரிசைக்குக் காடி வர வேற வழி இல்ல. வர முடியலன்னா யாருக்கு என்ன ஆகும்னு ஒருவாட்டி நினைச்சுப் பார்த்துட்டுத் தூக்குங்க."

"யாருக்கு என்ன ஆகும் அக்கா? நீங்களே சொல்லுங்களேன்" அப்படின்னாரு தலைவரு. நக்கலா கேக்கல, நிஜமாத்தான் கேட்டாரு.

அக்கா வாய் திறந்துச்சு, மூடிக்கிச்சு. சொந்த வீட்டுக் கதைய சொல்லக் கூடாது இல்ல? அவங்க போட்ட விதியாச்சே. சுத்தி ஒருவாட்டி பார்த்தாங்க, லைட்டுக்கு வாய் திறந்த அந்தக் கார்டு அண்ணன் மாதிரி யாராச்சும் சொல்லுவாங்கன்னு. சொல்ல வேண்டிய ஆளு நான். கையில பேனாவ வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை, 'வேன்'னு ஒரே ஒரு வார்த்தை. பாவி, என் வாய்ல வரல.

ரெண்டு நாள் கழிச்சு மினிட் எழுத உக்காந்தேன். தலைவரு வீட்டுக்கே வந்துட்டாரு.

"தம்பி, எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதுவியா?"

"எப்பவும் அப்படித்தானே எழுதுறோம்."

"எப்பவும் எழுதுறது நாசி லெமாக்குக்கு. இதுல ஆட்சேபம்னு ஒரு வார்த்தை இருந்தாலே விசாரணை, மறுபடி கூட்டம்னு இழுக்கும். கம்பெனிக்காரன் போய்ட்டே இருப்பான். ஹால் போச்சு. அக்கா கை என்ன புதுசா? சும்மா தூக்குற கை லா அது. அதப் போய் எண்ணணுமா?"

சும்மா தூக்குற கை. அத நான் பிடிச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கும் அதுதானே வேணும். 'செபுலாட் சுவாரா'ன்னு எழுதினேன். நம்ம தமிழ்ல ஏகமனதா. கீழ கையெழுத்தப் போட்டேன். கூட்டத்துக்கு வந்தவங்க கையெழுத்துப் பட்டியலையும் வச்சேன். அதுல அக்கா கையெழுத்தும் இருந்துச்சு, வாசல்லயே உக்காந்திருக்கிறதால எப்பவும் முதல் கையெழுத்து அவங்களதுதான்.

செவருக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப அக்கா மாவட்ட ஆபீசுக்குப் போயிருக்காங்க. செவரு வேணாம்னு கேக்கல, வேன் வர்ற அளவுக்கு ஒரு கேட்டு மட்டும் வைக்க முடியுமான்னு கேக்க. அங்க இருந்த பொண்ணு பொறுமையா ஃபைல எடுத்துக் காட்டிச்சாம். ஆன்டி, உங்க கமிட்டி ஏகமனதா எழுதியிருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. கமிட்டி திருத்தி எழுதிக் கொடுத்தா மறுபடி பார்க்கலாம்.

அன்னிக்குச் சாயங்காலம் அக்கா என் கேட்டுல வந்து நின்னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா எவ்வளவோ தேவலை.

"தம்பி, அந்தக் கூட்டத்துக்கு நான் வந்திருந்தேனா?"

"வந்தீங்கக்கா."

"கை?"

நான் செருப்பப் பார்த்தேன்.

"சரி விடு. எழுதுறவனுக்குத் தப்பு வரத்தான் செய்யும். அடுத்த கூட்டத்துல மினிட்டப் படிப்பீல, அப்ப திருத்திடு. ஒரு வரிதானே?" கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாங்க. "மறந்துடாத. கேட்டு கிடைக்குதோ இல்லையோ, எனக்கு அந்த வரி மாறணும்."

கேட்டு கிடைக்கிறத விட அந்த வரி எதுக்கு முக்கியம்னு எனக்கு அப்ப விளங்கல. பிடிவாதம்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த கூட்டம். நான் மினிட்டப் படிச்சேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தலாம்னுதான் நினைச்சிருந்தேன், சத்தியமா. ஆனா எதிர்ல தலைவரு உக்காந்திருக்காரு, ஹாலுக்கு வரைஞ்ச படத்த செவத்துல ஒட்டி வச்சிருக்காங்க, பிள்ளைங்க அதத் தொட்டுத் தொட்டுப் பாக்குதுங்க. என் மக என் மடியில உக்காந்திருக்கா, ஒரு மாசமா செவரு வேலைக்காக லோரிங்கள விடாததால தூசி இல்ல, முகம் தெளிஞ்சிருக்கா. 'செபுலாட் சுவாரா'ன்னு படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன்.

அக்கா எந்திரிச்சாங்க. "நில்லு. அன்னிக்கு நான் கை தூக்கினேன்."

"அக்கா, உங்க வீட்டு விஷயமா?"ன்னாரு தலைவரு. அதுக்குள்ள வேன் கதை அவருக்கும் எட்டியிருந்துச்சு.

"இல்ல. மினிட்டு விஷயம்." குரல் ஏறவே இல்ல. "அன்னிக்கு நான் கை தூக்கினதப் பார்த்தவங்க எல்லாரும் இப்ப கை தூக்குங்க."

முப்பது நாப்பது பேரு. எல்லாரும் பார்த்தவங்க. சிரிச்சவங்களும் அவங்கதான். ஒருத்தர் காது சொறிஞ்சாரு, ஒருத்தர் போன நோண்டினாரு. தூக்கினா ஹால் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். நான் மகள இடுப்புல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், என் ரெண்டு கைக்கும் வேலை இருக்கிற மாதிரி. வெக்கங்கெட்டவன். ஒரு கை கூட உயரல.

அக்கா நிதானமா ஒவ்வொரு முகமாப் பார்த்துட்டு உக்காந்தாங்க. மினிட்டு சரின்னு எல்லாரும் கை தூக்கினப்ப எதிர்ப்புக்கு அவங்க கை ஒண்ணு. அத மட்டும் எழுதினேன், ஒருத்தர் எதிர்ப்புன்னு. எதுக்கு எதிர்ப்புன்னு எழுதல.

செவரு வந்துச்சு. வேன் பாதி கம்பத்துலயே நின்னுச்சு. நடைபாதையில மூடி இல்லாத லோங்காங் ஓரமா அக்கா வீல் சேரத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. அவங்களுக்கும் அறுபது நெருங்குற வயசு, பொண்ணு ஜோகூர்ல. முதல் வாரம் நான் தள்ளப் போனேன். அக்கா தடுக்கல, பேசினாங்க, எப்பவும் போல. மாமாதான் பேசல. அக்காகிட்டயும் அவரு பேசாத மாதிரி எனக்குத் தோணுச்சு. உடம்பு முடியலன்னு நினைச்சேன். அப்புறம் எனக்கே கூசுச்சு, அந்த நேரத்துக்கு முன்னாடியே கிளம்பி வேலைக்குப் போயிடுவேன். மழை பேஞ்சா அந்தப் பாதை வழுக்கும். சில நாள் அவங்க போகவே இல்லன்னு என் பொண்டாட்டி சொல்லுவா. அக்கா அதுக்கப்புறம் கூட்டத்துக்கு வரல. வாசல்ல நாற்காலி இல்லாததால யாரும் சட்டையத் திருப்பிப் போடல. புது ஹால் திறக்குறதுக்கு முன்னாடியே சாலாக் செலாத்தான் பக்கம் சென்டருக்குக் கிட்டக்க கீழ் மாடி வீடு பார்த்துப் போயிட்டாங்க. மாமா தவறிட்டாருன்னு சேதி வந்தப்ப நான் போகல. போர்ட்ல வேலைன்னு சொன்னேன்.

போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பூக்கடை வரிசையில அவங்களப் பார்த்தேன். காலையில பத்து மணி இருக்கும். மாலைக்குச் சொல்லிட்டு நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒதுங்கிப் போயிடலாம்னு ஒரு கால் எடுத்து வச்சேன், அதுக்குள்ள பார்த்துட்டாங்க.

"தம்பி! என்னடா, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு? பாப்பா எப்படி இருக்கா? இளைப்பு நின்னுச்சா?"

"நின்னுருச்சுக்கா. பாலிடெக்னிக்ல படிக்கிறா."

"தூசி இல்ல இல்ல, அதான். நல்லது." குத்திக்காட்டல. அந்தக் குரல் எனக்குத் தெரியும். "நாளைக்கு மாமாவுக்குத் திதி. படத்துக்கு மாலை."

நடுரோட்டுல நின்னுக்கிட்டு, பஸ் ஹாரன் அடிக்க, நான் ஒருவழியா சொன்னேன். "அக்கா, அன்னிக்கு உங்க கைய நான் பார்த்தேன்."

"தெரியும். விரல நீட்டி எண்ணிக்கிட்டு வந்த. என் மேலயும் விரல் வந்துச்சு. ஒண்ணுன்னு வாய் அசைஞ்சுச்சு."

"அப்ப ஏன்கா என் பேரச் சொல்லிக் கேக்கல? கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா தூக்கியிருப்ப. இளைப்புப் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டிருந்தவன எப்படிடா கேக்குறது?" பூக்காரர் சாமந்தியா ரோசான்னு கேட்டாரு. "சாமந்தி போதும் பாஸ்"ன்னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "எனக்கு வழி போனது கூட பெருசா இல்லடா. உங்க மாமாகிட்ட யாரோ வந்து, உன் பொண்டாட்டியும் சேர்ந்துதான் ஏகமனதா வழிய மூடினாங்கன்னு சொல்லி, அந்த லெட்டரக் காப்பி எடுத்துக் காட்டிட்டான். நான் எதிர்த்துத்தான் தூக்கினேன்னு எவ்வளவோ சொன்னேன். முப்பது வருஷம் ஸ்டோர்ல எழுத்த மட்டும் நம்பி வேலை பார்த்த மனுஷன். 'எழுத்துல இருக்கேடி, உன் கையெழுத்தும் இருக்கே'ன்னாரு. ஒரே வீட்ல, தள்ளுறது நான், கழுவி விடுறது நான், முகத்தத் திருப்பிக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் நம்பல."

பையில இருந்து பேனாவ எடுத்தேன். கடைக்காரர்கிட்ட ஒரு பேப்பர் கேட்டேன்.

"இப்பவே எழுதித் தரேன்கா. நடந்தத நடந்தபடி. செக்ரட்டரின்னு போட்டு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அக்கா மாலைய வாங்கிக் கையில பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாங்க. கோவம் இல்ல.

"எழுதிக் குடுத்தா யாருகிட்டடா காட்டுறது?"